ரவுட்டரில் போர்ட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுச் சர்வரில் உள்ள கோப்புகளை வெளியூரிலிருந்தும் பிரவுசரில் திறந்து பார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கட்டுரையில் முக்கால் பங்கு நன்றாகவே இருந்தது. தூக்கிப் போடவிருந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, அதில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். 'ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும். உங்கள் முகவரி வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை' என்று வந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போர்ட் என்பது வெளி இணையத்திலிருந்து வீட்டுக் கணினிக்குள் வர ரவுட்டரில் விடும் வாசல்.

தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். பிரவுசர் இணைப்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் இலவசச் சான்றிதழ் வாங்கிய கையோடு, முகவரிக்கு வழிகாட்டும் உங்கள் சர்வரின் பெயர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்கவென்று செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பதிவேட்டைத் திருட்டு நிரல்களும் விடாமல் படிக்கின்றன. இப்படிப் போர்ட்டைத் திறந்து வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு அவருடைய சர்வரின் பதிவுக் கோப்பைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். 'அட்மின்', 'ரூட்', 'டெஸ்ட்' என்று வரிசையாகப் பெயர்களைப் போட்டு, கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்றிருந்தார்கள். வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளே இல்லாத சர்வரில் அதன் நுழைவுப் பக்கத்தைத் தேடியிருந்தார்கள். "எனக்கு யார் விரோதி?" என்று கேட்டார் மனிதர். விரோதி யாருமில்லை, எல்லாம் இயந்திரம். 2022இல் டெட்போல்ட் என்ற பணயநிரல், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதுவும் ஆள் பார்த்து வரவில்லை.

இன்னொன்று, இங்கே பலருக்குப் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இல்லை. சிம் போட்ட ரவுட்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கும், ஃபைபர் வைத்திருப்பவர்களில் சிலருக்கும் தனிப் பொது முகவரி கிடையாது. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் உங்களுக்கும் அதே கதைதான். அப்படித் தொடங்காவிட்டாலும், முகவரியைக் காட்டும் வலைத்தளம் வேறு எண்ணைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஒரு வாடிக்கையாளருக்காக அவருடைய இணைய நிறுவனத்தை அழைத்து இதைப் பற்றிக் கேட்டேன். ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள்.

நம் சாதனங்களை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற தனிவலை போதாதா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். என் சொந்த உபயோகத்துக்கு அதுதான். ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் அத்தைக்குத் தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்லிக்கொடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லண்டனில் இருக்கும் அண்ணன் மகளின் அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை. இவர்கள் பார்க்க விரும்புவதோ கரும்புத் தோட்டத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயருள்ள கப்பல் பட்டியல் பக்கம், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த சட்டத்தால் இங்கே பெயர்க்கப்படுவதற்கு முன் கேட்டோ மேனரில் இருந்த வீட்டின் படங்கள், பெரியப்பா கேசட்டில் பிடித்த தெருக்கூத்து. பிரவுசரில் ஒரு சுட்டியை அழுத்தினால் வந்துவிட வேண்டும்.

இவர்களுக்காக நான் வைத்திருப்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 'டன்னல்' என்ற சேவை. சர்வரே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். முகவரிப் பங்கீடும் குறுக்கே வராது. நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் கண்ணில் படுவதற்கு முன்பே, நான் அனுமதித்த மின்னஞ்சலுக்கு ஒருமுறைக் குறியீடு போகிறது. அத்தைக்கு அது பழகிவிட்டது. ஐம்பது பேர் வரை இதற்குக் கட்டணமில்லை. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் மட்டும் வாங்க வேண்டும். குறையும் உண்டு. போகிற வழியில் அந்த நிறுவனத்தின் கணினியில்தான் மறைகுறியாக்கம் பிரிக்கப்படுகிறது. ஆகவே வங்கித் தாள்களை நான் அந்த வழியில் வைப்பதில்லை. இலவசத் திட்டத்தில் ஒரே வீச்சில் 100 எம்பிக்கு மேல் ஏற்றவும் முடியாது. பார்க்க வருபவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி. வெளியாருக்குக் கொடுக்கும் சுட்டிக்குக் கடவுச்சொல்லும் காலாவதி நாளும் கட்டாயம்.

கோயில் குழுவினரும் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களும் இதே வசதியைக் கேட்டு வருகிறார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் தொலைபேசி எண் இருக்கும் பதிவேட்டை யாரோ ஒரு செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் சர்வரில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் இங்கே முழு வேகத்தில் நடப்பில் இருக்கிறது. குடும்ப உபயோகத்துக்கு அதில் விலக்கு உண்டு. பள்ளிப் பதிவேடு குடும்ப உபயோகம் ஆகாது.

மின்வெட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை, அதை எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறு யூபிஎஸ் போதும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினியாக இருந்தால், மின்சாரம் திரும்பியதும் தானாக உயிர்பெறும்படி பயாஸ் என்ற தொடக்க அமைப்புப் பக்கத்தில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது அணைந்தபடியே கிடக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சேறு அப்பிய ஹார்டு டிஸ்க்குகளோடு என் கடைக்கு வந்தவர்களில் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே எல்லாம் திரும்பக் கிடைத்தது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வருமென்று போட்டிருக்கிறீர்கள். அதில் போர்ட் பற்றிய வரியைத் திருத்திவிட்டு, வெளி முகவரியைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
கணினிக் கடைக்காரர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்