டீசல் கணக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய கவர் புதன்கிழமையே வந்துவிட்டது. தபால்காரர் அதன் கனத்தைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை?" என்று கேட்டார். உள்ளே இரண்டு தர்ம டிரஸ்டுகளின் ஆண்டறிக்கைகள். தாளைத் தடவிப் பார்த்தேன். நமக்குச் சித்தூர் காலேஜில் கொடுத்த சர்டிபிகேட்கூட இவ்வளவு நல்ல தாளில் இல்லை.

இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. மழை பாலக்காட்டை நனைத்துவிட்டு நம் பக்கம் வருவதற்குள் தூறலாகிவிடுகிறது, பழைய கதைதான். தென்னையில் இரண்டு மரம் வண்டு விழுந்து போய்விட்டது. என் முழங்கால் படி ஏறும்போதெல்லாம் சத்தம் போடுகிறது. சின்னவள் பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். போய்ச் சேர்ந்த அவங்க நினைவாக ஐந்து லட்சம் ரூபாய் இல்லாதவர்கள் வைத்தியத்துக்குப் போகவேண்டும் என்று நீ நினைத்தது நல்ல காரியம். ஆனால் கவருக்குள் நீ செருகியிருந்த துண்டுச்சீட்டில், "எதில் அட்மின் செலவு குறைவோ அதற்கே கொடுத்துவிடலாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் கூட்டுறவு சர்வீஸ் சங்கத்தில் கணக்குப் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மூன்று நாள் மேஜையில் விரித்துவைத்து உட்கார்ந்தேன். உன் தங்கச்சி, "நம் வீட்டு வரவு செலவை என்றைக்காவது இப்படிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டாள்.

முதலில் அந்த மருத்துவ முகாம் டிரஸ்ட். அட்டையிலேயே கொட்டை எழுத்தில் "நிர்வாகச் செலவு 4 சதவீதம் மட்டுமே" என்று போட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் அட்டவணைகளைப் புரட்டினால் மேனேஜர் சம்பளத்தில் முக்கால், விளம்பரம், வண்டி, போட்டோகிராபர் எல்லாம் "திட்டச் செலவு" என்ற தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கின்றன. எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது பெரும்பாலும் எழுதுகிறவன் கையில் இருக்கிறது. ஆடிட்டர் பில் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஆண்டுவிழாப் பிரியாணியை "உறுப்பினர் கல்வி" என்ற தலைப்பில் எழுதியவன் நான்.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகள் அதில் பாதிவரைக்கும் நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்று முன்பு இருந்தது; 2020-இல் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். கம்பெனிகள் சிஎஸ்ஆர் என்று சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணத்தைக் கொடுத்தால், கம்பெனி தன் நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் காட்டக்கூடாது. கொடுக்கிறவர்களும் உன்னை மாதிரி அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் எல்லாரும் அந்த எண்ணைச் சின்னதாக்குவதற்கே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்காமல் என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் தர்ம ஸ்தாபனங்களை எடைபோட்டுச் சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் மூன்று அமைப்புகள், 2013-இல் ஒன்றாகச் சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் விஷயம். அதில் ஒன்று, அதுவரை அந்த விகிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்த அமைப்பு.

இதே டிரஸ்டின் வரவுப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை. மொத்த வரவில் பாதிக்கு மேல் பொருளாக வந்த நன்கொடை, அதாவது மருந்து. அந்த மருந்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் தெரியுமா? அட்டையில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி. மொத்த வியாபாரத்தில் அதே மாத்திரை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று நம் மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்டால் சிரிப்பார். அந்த மருந்து வரவிலும் ஏறுகிறது, செலவிலும் ஏறுகிறது. மொத்தச் செலவு ஊதிப் பெருத்துவிட்டால் நிர்வாகச் செலவு 4 சதவீதமாகத் தெரியாமல் என்ன செய்யும்? மருந்தைக் கழித்துவிட்டுப் பணத்தை மட்டும் வைத்துப் போட்டுப் பார்த்தேன், 11 வந்தது. அதுவும் மோசமில்லை, ஆனால் 4 இல்லை. மருந்தின் காலாவதித் தேதியையும் கேட்கவேண்டும். நன்கொடையாக வரும் மருந்துக்குக் கைக்கு வரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுளாவது பாக்கி இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அறிக்கையில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

"பயனடைந்தவர்கள் 64,000 பேர்" என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருக்கிறார்களே, அதைப் படித்ததும் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. போன வருஷம் இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் (இவர்கள் இல்லை, வேறு ஆட்கள்). பிரஷர் பார்த்த மேஜையில் பெயர் கொடுத்தேன். சுகர் பார்த்த மேஜையில் இன்னொரு தடவை, கண் பார்த்த மேஜையில் மூன்றாவது தடவை. கடைசியில் ஒரு அட்டை பாரசிட்டமால். சாயந்திரம் மைக்கில் மொத்த எண்ணிக்கையை வாசித்தார்கள். அதில் நான் மூன்று பேர். கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை.

புரை என்றதும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. முகாம் நடத்தியே வளர்ந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் அங்கே முகாம் என்பது வாசல் மட்டும். ஆளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். செலவில் பெரும்பங்கு, காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளிடமிருந்து வருகிறது. அதனால் முகாம் நடத்தும் எந்த டிரஸ்டையும் ஒரு கேள்வி கேட்கலாம்: கண்டுபிடித்த பிறகு அந்த ஆளை எங்கே அனுப்பினீர்கள், அவர் போய்ச் சேர்ந்தாரா? இதற்குப் பதில் இருந்தால் 64,000 வேண்டாம், 640 போதும் எனக்கு.

இரண்டாவது, அந்த டயாலிசிஸ் டிரஸ்ட். நீ அதில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இவ்வளவு டெபாசிட் வைத்துக்கொண்டு என்னிடம் எதற்குக் கேட்கிறார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் உன்னோடு சண்டை போடப்போகிறேன்.

என் பெரியப்பா மகன், கோயமுத்தூரில் இருந்த பெரியண்ணனை நீ பார்த்திருக்கிறாய். இரண்டு கிட்னியும் போனபிறகு ஒரு டிரஸ்டில் இலவசமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணிநேரம். பெயர் சொல்ல விருப்பமில்லை, நல்ல மனுஷர்கள்தான். ஒரு கம்பெனிப் பணத்தை நம்பியே ஓடியது. மார்ச் மாதத்தோடு கம்பெனி கையை விரித்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரம் அண்ணனைக் கூப்பிட்டு, "அடுத்த வாரத்திலிருந்து வேற இடம் பாத்துக்குங்க" என்றார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட முடிகிற வைத்தியமா அது? நாங்கள் அலைந்த அலைச்சலை நேரில் வரும்போது சொல்கிறேன். அவர்களுடைய அட்மின் செலவு எவ்வளவு தெரியுமா, 3 சதவீதம். டெபாசிட் ஒன்றுமே இல்லை. வந்ததையெல்லாம் அன்றன்றைக்கே செலவழித்த உத்தமர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், டெபாசிட் நல்லதா கெட்டதா என்பது நோயைப் பொறுத்தது. முகாம் நடத்துகிறவர்களிடம் மூன்று வருஷச் செலவுக்குப் பணம் சும்மா கிடந்தால் ஏன் என்று கேட்கலாம். டயாலிசிஸ்காரர்களிடம் ஒரு வருஷத்துக்காவது இல்லாவிட்டால்தான் பயப்படவேண்டும். வருமான வரிச் சட்டமே டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழிக்கவேண்டும், 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு மேல் சேர்க்கவேண்டுமானால் இன்ன காரணத்துக்கு என்று எழுதிக்கொடுத்து, ஐந்து வருஷத்துக்குள் செலவழிக்கவேண்டும். நீ வட்டம் போட்ட தொகையை அவர்கள் வருஷச் செலவால் வகுத்துப் பார்த்தேன், பதினான்கு மாதத்துக்குத்தான் வருகிறது. அது தப்பில்லை. எனக்கு உறுத்தியது வேறு: கட்டட வாடகை ஒரு டிரஸ்டியின் மனைவிக்குப் போகிறது. நியாயமான வாடகை என்றால் சட்டப்படி குற்றமில்லை, கணக்குக் குறிப்பில் மறைக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் சதுர அடி என்ன போகிறது என்று நீயே ஒரு புரோக்கரிடம் கேட்டுவிடு.

80ஜி இருக்கிறது என்று இரண்டு பேருமே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது வரிக்கழிவுக்கான பதிவு. நன்றாக வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று கிடையாது. உனக்கு அதில் பெரிய லாபமும் இல்லை. புதிய வரி முறைக்கு மாறிவிட்டாய் என்றால் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் கொடுத்ததில் பாதிக்குத்தான், அதுவும் உன் வருமானத்தில் பத்து சதவீதம்வரைதான் கணக்கில் எடுப்பார்கள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் அதுவும் போச்சு. பாங்க் வழியாகவே கொடு, வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கு.

இனி நான் எதற்காக மூன்று நாள் எடுத்துக்கொண்டேன் என்று சொல்கிறேன். உன் கவரில் இல்லாத மூன்றாவது ஒன்றையும் போய்ப் பார்த்தேன். அத்தைக்குக் கடைசி மூன்று மாதம் வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ்காரர்கள், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம் ஆண்டறிக்கையே இல்லை. ஆடிட் ஆன நான்கு தாளை ஸ்டேபிள் அடித்துக் கொடுத்தார்கள். வருஷச் செலவு 19 லட்சம். அதில் சம்பளம் மட்டும் 61 சதவீதம். நீ பார்த்திருந்தால் அங்கேயே மூடி வைத்திருப்பாய். ஆனால் யார் சம்பளம்? இரண்டு நர்ஸ், ஒரு டிரைவர், வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர். புண்ணைக் கழுவிக் கட்டுகிற கைக்குக் கொடுப்பது சம்பளமாகத்தான் எழுதப்படும், வேறு எப்படி எழுதுவது?

வீடு போன பதிவேட்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியில் விரல் வைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது வீடு. அதே தேதிக்கு ஜீப்பின் லாக் புத்தகத்தையும் டீசல் பில்லையும் பக்கத்தில் வைத்தேன். வீடுகளின் தூரத்தைக் கூட்டினால் கிலோமீட்டர் சரியாக வருகிறது. இன்னும் நான்கு தேதி பார்த்தேன். ஒரு நாள் இடித்தது: 62 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பதிவேட்டில் நான்கே வீடு. டிரைவரைக் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, அன்றைக்கு ஒரு பாட்டிக்கு மூச்சு முட்டியது, ஜீப்பிலேயே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம், எழுத மறந்துவிட்டது என்றார். அந்த வீட்டுக்குப் போன் போட்டேன், உண்மைதான். மாப்ளே, போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லலாம். டீசல் கணக்கைச் சிரிக்கச் சொல்ல முடியாது.

வருஷத்துக்குச் சுமார் 2,500 வீடு. வகுத்தால் ஒரு தடவை போய்வர 760 ரூபாய். அந்த முகாம் டிரஸ்டுக்கு ஆளுக்கு 250 வருகிறது. எது மலிவு என்று நீ சொல்.

பஞ்சாயத்து நர்ஸ்தான் வீடு வீடாகப் போகிறாரே, இவர்கள் எதற்கு என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். 2008-இல் கேரளம் பாலியேட்டிவுக்கென்று கொள்கை கொண்டுவந்த பிறகு பஞ்சாயத்துகளில் அந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் ஒரே நர்ஸ் எத்தனை வீட்டுக்குப் போவார்? இவர்கள் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் பஞ்சாயத்துப் பட்டியலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவர்கள் அதிகமாகச் செய்வது என்ன என்று தோண்டினால் இரண்டு விஷயம் நின்றது. ராத்திரி போன் எடுக்கிறார்கள். கடுமையான வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வைத்திருக்கிறார்கள். மாத்திரை விலை ஒன்றும் பிரமாதமில்லை. வைத்துக்கொள்ள அனுமதியும், எண்ணிக் கணக்கு எழுத ஆளும் வேண்டும், அதனால்தான் பல இடத்தில் கிடைப்பதில்லை. பதிவேட்டைக் காட்டினார்கள், ஒரு மாத்திரை விடாமல் எழுதியிருந்தது. அத்தை கடைசி மாதம் தூங்கினாங்க என்றால் அந்த நோட்டினால்தான். இன்னொன்று, பஞ்சாயத்து நர்ஸுக்கு எல்லை உண்டு. இந்த ஜீப் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமும் இரண்டு மூன்று ஊருக்குப் போய்வருகிறது. ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று நம் ஊரில் கேட்காத ஒரே ஜீப் அதுதான் என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. கமிட்டியில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. செக்கில் ஒரே ஆள் கையெழுத்து. கடையில் வைத்திருக்கும் உண்டியலைத் திறந்து எண்ணும்போது இரண்டாவது ஆள் இருப்பதில்லை. மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கையெழுத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள், தம்பி விஷயத்தில் முகம் வாடியது. நான் விடப்போவதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அத்தை சொல்வாங்களே. என் யோசனை: இவர்களுக்கே கொடு, ஆனால் மொத்தமாகக் கொடுக்காதே. வருஷத்துக்கு ஒரு லட்சம், ஐந்து வருஷம். ஒவ்வொரு வருஷமும் நான் போய்ப் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போடுகிறேன், அப்புறம் அனுப்பு. கார்ப்பஸ், அதாவது தொடாமல் வைக்கும் மூலநிதி என்று எழுதிக் கொடுக்காதே. வட்டியை மட்டும்தான் தொட முடியும் என்று ஆகிவிடும், அவர்களுக்கு வேண்டியது டீசல். அத்தை பெயரில் கல்வெட்டு வைக்கலாமா என்று நீ கேட்டதை அவர்களிடம் சொன்னேன். வைக்கச் சுவர் இல்லை என்றார்கள், வாடகை ரூம்தானே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அத்தை படுத்திருந்த அந்த மடக்குக் கட்டில், நீ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதற்கு அவர்கள் நோட்டில் எண் 14. அத்தைக்கு அப்புறம் இரண்டு வீடு போய்வந்திருக்கிறது. இப்போது எருத்தேம்பதியில் ஒரு தாத்தா வீட்டில் இருக்கிறது. கால் பக்கத்துத் திருகு ஒன்று ஆடுகிறதாம், வெல்டிங் செய்யவேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அந்தக் காசை நானே கொடுத்துவிட்டேன், உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

உன் பான் எண்ணை எனக்கு அனுப்பு, ரசீதுக்கு வேண்டும். வரும்போது முழங்காலுக்கு அந்தத் தைலம் இரண்டு பாட்டில்.

உன்
மச்சான்