பனி உறையும் முன்பே உப்புக் கரைசலைத் தெளித்துவிடுங்கள்: சாலைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் இரவு முழுக்க உறைந்து கிடந்த தெருவில், விடிந்த பிறகு உங்கள் வண்டி வந்து கல்லுப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அப்போது குளிர் மைனஸ் 15 டிகிரி. உப்பு பனிக்கட்டியின் மேல் அப்படியே கிடந்தது. அது இளகத் தொடங்கும் முன்பே, பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கையில் மாவுக்கட்டு போட்டாகிவிட்டது.

உங்களுக்குத் தெரியாத வேதியியல் இல்லை. மைனஸ் 1 டிகிரியில் ஒரு கிலோ உப்பு 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும். மைனஸ் 7-இல் 9 கிலோகூடத் தேறாது. மைனஸ் 10-க்குக் கீழே போனால் வேலை அவ்வளவு மந்தமாகிவிடும், கொட்டுவதும் கொட்டாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் குளிரிலும் பனியை உருக்கக் கால்சியம் குளோரைடு என்ற வேறொரு உப்பு இருக்கிறது. அதைவிட நல்ல வழி, தரையோடு பனி ஒட்டிக்கொள்ளும் முன்பே, முந்தைய நாளே 23 சதவீத உப்புக் கரைசலைத் தெளித்துவிடுவது. மழை பெய்து அப்புறம் உறையும் நாட்களில் கரைசல் கழுவிப்போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் மழையே இல்லை. வானிலை அறிக்கையும் முன்கூட்டியே வந்திருந்தது.

நிறுத்தத்தின் நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாலையில் வழிக்கும் பனியையெல்லாம் உங்கள் வண்டி நடைபாதை ஓரத்தில் மதில்போல் ஒதுக்கிவிடுகிறது. பகலில் அது கசிந்து நிறுத்தத்துக்குள் ஓடி வருகிறது. இரவில் அங்கேயே உறைகிறது. மறுநாள் மேலே லேசாகப் புதுப்பனி தூவிவிட்டால், அடியில் கண்ணாடி மாதிரி கட்டி இருப்பதே தெரியாது. கைத்தடியோடு வருபவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர் எல்லோரும் அந்த மதிலைச் சுற்றிக்கொண்டு, வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கித்தான் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலிக்காரருக்காக ஓட்டுநர் சாய்தளத்தை இறக்கினால், அது பனிக்குவியல் மேல் போய் முட்டி நிற்கிறது. அவர் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்திலேயே கார் போகும் சாலை மட்டும் கறுகறுவென்று சுத்தமாக இருக்கிறது. நடப்பவர்கள் உங்கள் கணக்கில் உப்புக்குச் சப்பாணிதான் போலிருக்கிறது. புகார் கொடுத்தால் 'பதிவு செய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பாதியாவது உப்பு வண்டிக்கு இருந்தால் போதுமே! சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நிறைய உப்பைக் கொட்டச் சொல்லி இதை எழுதவில்லை. கொட்டிய உப்பில் இருக்கும் குளோரைடு எங்கும் மறைந்துபோவதில்லை, நிலத்தடி நீரிலும் ஏரியிலும் சேர்ந்துகொண்டே போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று கனடா அரசின் ஆய்வு 2001-லேயே முடிவு சொல்லிவிட்டது. பாலத்துக் கம்பிகளை அது அரிப்பது உங்கள் பொறியாளர்களுக்கே தெரியும். முன்கூட்டித் தெளித்தால் உப்பும் மிகக் குறைவாகவே செலவாகும். உலர்ந்த உப்பு தரையில் பட்டுத் தெறித்துச் சாக்கடைக்குப் போவதுபோல, கரைசல் தெறித்து ஓடாது. இதில் உங்களுக்கும் செலவு மிச்சம்தானே?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: உறைபனி எச்சரிக்கை வந்த அன்றே கரைசலைத் தெளியுங்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், தரையின் வெப்பநிலையையும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதையையும் பேருந்து நிறுத்தங்களையும் தெளிக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கடைசியில் அல்ல. பனியை ஒதுக்கும்போது பேருந்துக் கதவு திறக்கும் இடத்தை மட்டுமாவது விட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்த குளிர் அலைக்கு முன் எந்தெந்த நிறுத்தங்களில் தெளிப்பீர்கள் என்ற பட்டியலையும் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தினமும் பேருந்தில் போகும் ஒருவன்