மாட்டுங்காவில் பிறந்த அட்மிரலுக்காக ஒரு மாலை

மும்பையில் உள்ள தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சென்ற பொங்கல் விழாவில் நம் அமைப்பு ஒன்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தது. எல்லையில் கழித்த பனிக்காலங்களை அவர் சொன்னபோது பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். அப்புறம் பேச்சு பாகிஸ்தான் பக்கம் திரும்பியது. நாம் நினைத்தால் கராச்சி ஒரே நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்களும் தட்டினோம். கேள்வி நேரத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அன்னைக்கு நம்ம மும்பை என்ன ஆகும்?" என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்று சொல்லி அவனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அவனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தக் கேள்வியை ஓய்வுக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், நாம் தினமும் காய்கறி வாங்கப் போகும் மாட்டுங்காவில்தான் 1933 செப்டம்பர் 5 அன்று பிறந்தார். அட்மிரல் லட்சுமிநாராயண் ராம்தாஸ். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படையின் தளபதி. கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் செங்கல்பட்டில் பிறந்தவருமான அட்மிரல் கடாரியின் மருமகன். 2024 மார்ச்சில் அவர் காலமானபோது நம் அமைப்புகளில் எதுவும் இரங்கல் கூட்டம் நடத்தியதாக என் காதுக்கு எட்டவில்லை.

போரைப் பார்த்திராதவர் அமைதி பேசினால், "இவருக்கு என்ன தெரியும்" என்று ஒதுக்கிவிடுவோம். ராம்தாஸை அப்படி ஒதுக்க முடியாது. 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலின் கேப்டன் அவர். கிழக்கு வங்கத்தில் இருந்த பாகிஸ்தான் படை கடல் வழியே தப்பிவிடாமல் வங்கக் கடலை அடைத்து நின்ற கப்பல்களில் அதுவும் ஒன்று. அதற்காக வீர் சக்ரா என்ற வீர விருது வாங்கியவர்.

அந்தப் போர் என் நினைவிலும் இருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டி, சிம்னி விளக்கையும் தணித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அப்பா கடற்படை டாக்யார்டில் ஃபிட்டர். டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதும் தெருவே கொண்டாடியது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, டையூ கடலில் நம் குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 194 பேர். அந்தக் கப்பலில் அப்பா வேலை பார்த்திருக்கிறார், பலரை முகம் தெரியும். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வெற்றி பெற்ற போரிலும் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். மும்பையிலிருந்து கராச்சி வான்வழியாக 900 கிலோமீட்டருக்குள்தான். நமக்குச் சென்னையைவிடக் கராச்சிதான் பக்கம். அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே அணு ஏவுகணை போய்ச் சேர அரைமணி நேரம் பிடிக்கும் என்பார்கள். இங்கே பத்து நிமிடம்கூட ஆகாது. வருவது உண்மையான தாக்குதலா, ரேடாரின் பிழையா என்று யார் எப்போது சரிபார்ப்பது? 2022 மார்ச் 9 அன்று நம் பக்கத்திலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1998 மே மாதம் பொக்ரானில் நாமும் சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது, நாடே இனிப்பு கொடுத்துக்கொண்டிருக்க, இது நம்மைக் காக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர் ராம்தாஸ். இரு நாட்டு மக்களும் சந்தித்துப் பேச வேண்டும் என்று பாகிஸ்தானுக்குப் போனார், அங்கிருந்தவர்களை இங்கே வரவழைத்தார். 2004இல் மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளி ஐ. ஏ. ரஹ்மானுக்கும் சேர்த்தே கிடைத்தது.

"26/11ஐ, 2008 மும்பைத் தாக்குதலை, மறந்துவிட்டீர்களா" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்தப் பத்துப் பேர் கராச்சியிலிருந்து, இதே கடல் வழியாகத்தான் வந்தார்கள். அன்றைக்கும் நம்மிடம் அணுகுண்டு இருந்தது, அது அவர்களைத் தடுக்கவில்லை. பொக்ரானுக்கு அடுத்த ஆண்டே கார்கில் நடந்தது, அதையும் தடுக்கவில்லை. கரையோரக் காவலும் உளவுத் தகவலும் வேண்டும் என்று சொல்லுங்கள், நானும் கூடவே கை தூக்குகிறேன்.

ராம்தாஸ் சொன்னதே வேதம் என்று நான் சொல்லவில்லை. செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜியும் ராணுவத் தளபதியாக இருந்தவர்தான். அளவான அணு ஆயுதம் கையில் இருந்தால்தான் எதிரி துணிய மாட்டான் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் படித்தவர்கள், பொறுப்பாகப் பேசியவர்கள். இருவர் சொன்னதையும் பிள்ளைகள் முன் வைத்து வாதாட விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த நான்கு நாள் சண்டை நின்றதும், ஏன் நிறுத்தினீர்கள் என்று பலர் கொதித்தபோது, போர் என்பது சினிமா இல்லை, பேச்சுவார்த்தைதான் என் முதல் தேர்வு என்ற பொருளில் பேசியவர் முன்னாள் ராணுவத் தளபதி நரவணே. சண்டையை நேரில் பார்த்த பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள், ஆனால் நம் மேடைக்கு அவர்கள் வருவதில்லை.

பேச்சால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1988இல் போட்ட ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, ஒருவர் இடத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்பதற்காக. 26/11 நடந்து ஐந்தே வாரத்தில் வந்த ஜனவரி 1 அன்றுகூட அது நின்றுபோகவில்லை. 2008 ஒப்பந்தத்தின்படி சிறையில் இருக்கும் மீனவர்களின் பட்டியலும் ஆண்டுக்கு இருமுறை கைமாறுகிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவனின் வீட்டில் என்ன நடக்கும் என்று ராமேஸ்வரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இருக்கும் நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மும்பைக்கு வடக்கே பால்கர் கரையிலும் அதே கண்ணீர்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். வரும் செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினக் கூட்டத்தோடு சேர்த்தாவது, ராம்தாஸ் பெயரில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். சால்வை, மலர்மாலை எல்லாம் வேண்டாம். அவரோடு பணியாற்றிய கடற்படைக்காரர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், ராம்தாஸின் கருத்துக்கு எதிரான ஒருவரையும் கூப்பிடுங்கள். பாதி நேரம் கேள்விக்கு. முதல் மைக் அந்தப் பையனுக்கு. அவன் வீடு எனக்குத் தெரியும், நானே கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
நாற்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஓர் உறுப்பினர்,
சயான் கோலிவாடா, மும்பை