வாரத்தில் ஓர் இரவையாவது அறிவிப்பாளரிடம் விடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் எங்கள் அயலில் வாழும் இளைஞர் ஒருவர், கரைவலை இழுக்கும் தம் தந்தையைப் பற்றித் தாமே எழுதி, மெட்டமைத்து, கிற்றார் இசைத்துப் பாடிய பாட்டொன்றை ஒரு தமிழ் வானொலி நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். பாட்டு ஏழு நிமிடம் நீள்கிறது, எங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. பாட்டின் தரத்தைப் பற்றி அப்பதிலில் ஒரு சொல்லும் இல்லாதது என் மனத்தை மிகவும் வருத்தியதால் இதை எழுதுகிறேன்.

நியூயோர்க்கில் நேயர்களின் பணத்தில் இயங்கிய டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தில் 1963 முதல் நள்ளிரவுக்குப் பின் நிகழ்ச்சி நடத்திய பொப் பாஸ் என்பவரின் கையில் எவரும் பட்டியல் திணிக்கவில்லை. எதை, எவ்வளவு நேரம், எந்த வரிசையில் ஒலிக்கவிடுவது என்பது அவருடைய முடிவாகவே இருந்தது. ஆர்லோ கத்ரி என்ற இளைஞரின் 'அலிஸஸ் ரெஸ்ரோரண்ட்' பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் நீள்வது. அதன் பெரும்பகுதி பேச்சு. 1967 இல் இசைத்தட்டாக வெளிவருமுன்னரே அது அந்த நிலையத்தில் ஒலித்தது. நேயர்கள் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜெரி ஜெப் வோக்கர் எழுதிப் பாடிய 'மிஸ்டர் போஜாங்கிள்ஸ்' பாட்டுக்கும் முதலில் காது கொடுத்தது பாஸின் நிகழ்ச்சியே. தாமே எழுதித் தாமே பாடுவோருக்கு, எண்ணிச் செதுக்கிய மூன்று நிமிடம் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அமெரிக்காவில் இத்தகைய வானொலி பரவியதில் அரச விதி ஒன்றுக்கும் பங்குண்டு. ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில், மத்திய அலை நிகழ்ச்சிகளையே எப்.எம். அலைவரிசையில் பாதி நேரத்துக்கு மேல் மறுபடி ஒலிபரப்பக் கூடாது என்ற விதி 1967 அளவில் நடைமுறைக்கு வந்தபோது, பல நிலையங்களுக்குப் புதிய நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டொம் டொனஹியூ, பட்டியலின்றி அறிவிப்பாளரே பாட்டுகளைத் தெரிவுசெய்யும் இம்முறையைத் தொடங்கினார். பின்னர் விளம்பர வருமானம் பெருகியதும் ஆலோசகர்களின் பட்டியல்கள் திரும்பி வந்தன. டொனஹியூவும் தோழர்களும் 1968 இல் சென்றுசேர்ந்த கே.எஸ்.ஏ.என். நிலையமும் 1980 இல் 'கன்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசைக்கு மாறியது.

நம்மவர்க்கு இது அந்நியமான செய்தியன்று. 'சின்ன மாமியே' பாட்டை நித்தி கனகரத்தினம் தாமே எழுதிப் பாடினார். அத்தகைய பாட்டுகள் ஊர் ஊராய்ப் பரவிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதற்கும் முன்னே, வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடியும்வரை விழித்திருந்து பார்த்த மக்கள் நாம். காரைதீவில் பிறந்து, 'யாழ் நூல்' என்ற இசை ஆய்வு நூலை 1947 இல் நமக்குத் தந்த விபுலானந்த அடிகளின் பெயரால் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. அங்கு பயில்வோர் இயற்றும் பாட்டுகளை அக்கட்டடத்துக்கு வெளியே எத்தனை பேர் கேட்கிறோம்?

விளம்பரம் இல்லாமல் நிலையம் நடத்த இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் இரவு பதினொரு மணிக்குப் பின் வரும் நேரத்தால் நிலையங்கள் இழக்கக்கூடியது சிறிதே. எனவே கிழக்கில் கேட்கும் ஒவ்வொரு தமிழ் நிலையமும் வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிநேரத்தைத் தன் அறிவிப்பாளர் ஒருவரிடம், பட்டியலோ நிமிடக் கணக்கோ இல்லாமல், ஒப்படைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். சுமாரான பாட்டுகளும் அதில் ஒலிக்கும். நல்லது எது என்பதைக் கேட்டுத்தானே அறிய முடியும்.

அந்த இளைஞர் இப்போது தம் பாட்டை நான்கு நிமிடத்துக்குள் அடக்க முயல்கிறார். நடுவில் தந்தை தம் சொந்தக் குரலில் பாடும், வலை இழுப்போரின் அம்பாப் பாட்டைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.