விரிவாக்கப் படிப்பில் எங்களுக்கும் ஒரு வாசல் வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இதழியலோ காட்சித் தொடர்பியலோ படித்துவிட்டு, விவசாயத்தைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் பிழைக்கிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பாதிப்பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். எங்களுக்கு வேளாண் விரிவாக்கத்தில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. ஆனால் இளநிலையில் வேளாண்மையோ அதைச் சார்ந்த படிப்போ முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

ஆய்வகத்தில் கண்டறிந்தது வயலுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் படிக்கும் துறை இது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோளம் பரவியது பற்றி 1943இல் வெளியான ஆய்வை அதில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். புது விதை வந்திருக்கிறது என்று உழவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் விற்பனையாளர் மூலம். போடலாம் என்று மனம் துணிந்ததோ பக்கத்து வயல்காரரைப் பார்த்து. நம் பக்கமும் இதற்கு ஒரு கதை உண்டு. 1960களில் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 ரகத்துக்குத் தஞ்சைப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. பயிரை உருவாக்கியவர்கள் விஞ்ஞானிகள், பெயரைத் தட்டிக்கொண்டு போனது வானொலி!

இன்றைக்கு அந்த வானொலியின் இடத்தில் யூடியூபும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புழுவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இரண்டையும் நெருக்கத்தில் காட்டுகிற அரை நிமிட வீடியோ போதும். கேமரா தெரிந்து புழு தெரியாதவர், கையில் கிடைத்த புழுவைக் காட்டி 'இதுதான் படைப்புழு' என்பார். புழு தெரிந்து கேமரா தெரியாதவர், நான்கு பக்கத் துண்டறிக்கை அடிப்பார். இரண்டும் தெரிந்தவரைத் தயார் செய்யும் முதுநிலைப் படிப்புக்கு, முதலாமவருக்கு வாசலே இல்லை.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. நிலமே மிதிக்காதவனுக்கு வேளாண் பட்டமா என்று கேட்பீர்கள். சரி, சலுகை வேண்டாம். மண், பயிர், பூச்சி, நோய் பற்றி ஓராண்டு இணைப்புப் படிப்பு வையுங்கள். ஒரு சாகுபடிப் பருவம் முழுக்க ஏதாவது ஒரு வேளாண் அறிவியல் நிலையத்தில் போட்டு வேலை வாங்குங்கள். தேறாதவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். பி.எஸ்சி. வேளாண்மை படித்த தம்பி தங்கைகளுக்கும் ஒரு கவலை இருக்கும், நியாயமானதுதான். வேளாண் அலுவலர் வேலைக்கு இந்த வழியில் வந்தவர்கள் போட்டியிட முடியாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். எங்களுக்கு அரசு வேலை வேண்டாம், பாடம் வேண்டும். உரம், பூச்சிமருந்து விற்கும் கடைக்காரர்களுக்கே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடக்கிற நாடு இது. உழவர் முதலில் யோசனை கேட்பது பெரும்பாலும் அவர்களிடம்தான் என்பதால் யாரோ விவரமாக யோசித்துக் கொண்டுவந்த திட்டம். அதே நியாயம் வீடியோ போடுகிறவருக்கும் பொருந்தாதா?

அப்புறம், இடம். உங்கள் பல்கலைக்கழகத்தின் வேர் இருப்பது சைதாப்பேட்டையில். 1868இல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906இல் கோவைக்குப் போய், 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். இணைப்புப் படிப்பின் ஏட்டுப் பாடங்களை மட்டும் சனி, ஞாயிறுகளில் சென்னையில் நடத்தினால் வேலையை விடாமல் படிக்கலாம். வயல் வேலைக்கு எங்கே கூப்பிட்டாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறோம்.

ஆய்வேடு பற்றியும் ஒன்று. உழவரிடம் தமிழில் கேள்வி கேட்டு, அவர் தமிழில் சொன்ன பதிலை ஆங்கிலத்தில் எழுதி அலமாரியில் வைப்பதில் யாருக்கு என்ன பயன்? விரும்புகிறவர்கள் தமிழிலேயே எழுத அனுமதி கொடுங்கள்.

முதல் ஆண்டு பத்து இடம் போதும். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டோம் என்று முடிவெடுத்தாலும், காரணத்தைப் பொதுவில் சொல்லுங்கள். அதற்கேற்ப விண்ணப்பத்தைத் திருத்தி மறுபடி வருகிறோம்.

இப்படிக்கு,
வேளாண் செய்தி எழுதும் ஒருவன்,
கே.கே. நகர், சென்னை