ஒரு சோப்பு பன்னிரண்டு நாள்

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பது பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு ஆளுக்கொரு பை கொடுக்கப் போவதாகவும், பைக்குள் ஒரு சோப்பு, ஒரு பேஸ்ட், ஒரு பிரஷ், ஒரு ஷாம்பு, ஒரு துண்டு இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். பொருட்களில் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் ‘ஒன்று’ என்று போட்டிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. 100 கிராம் சோப்பு ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் வரும். பிரஷ் மூன்று மாதம் தாங்கும். துண்டு ஒரு வருஷம் உழைக்கும். பதின்மூன்றாம் நாள் காலையில் கையில் புதுத் துண்டு இருக்கும், சோப்பு இருக்காது.

பையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மாதக் கணக்கில் யோசி. பேரிடர் நிவாரண வேலை செய்கிறவர்கள் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் ஸ்ஃபியர் கையேட்டில் (2018 பதிப்பு) இதற்கு ஓர் அளவு இருக்கிறது: ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணி சோப்பு. நாற்பது பேருக்கு மூன்று மாதம் என்றால் குளியல் சோப்பு மட்டும் 30 கிலோ, அதாவது 100 கிராம் கட்டி 300. துணி சோப்பு 24 கிலோ. இல்லத்தில் துணியை மொத்தமாக இயந்திரத்தில் துவைக்கிறார்கள் என்றால் கட்டி சோப்பு வாங்காதே, தூள் எது போடுகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்கு. கூடவே அடியில் ஓட்டை போட்ட சோப்புப் பெட்டியும் வேண்டும். ஓட்டை இல்லாத பெட்டியில் தண்ணீர் தேங்கி சோப்பு கூழாகிவிடும், பன்னிரண்டு நாள் ஏழு நாளாகும்.

பேஸ்டில் வயதுதான் கணக்கு. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. பட்டாணி அளவு என்றால் கால் கிராம்; தினம் இரண்டு வேளை, 90 நாளைக்கு 45 கிராம். அந்த வயதுக்கு 50 கிராம் டியூப் ஒன்று போதும். பெரிய பிள்ளைகள் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு 180 கிராம், 100 கிராம் டியூப் இரண்டு. டியூபின் பின்பக்கம் ஃபுளூரைடு 1000 பிபிஎம்-க்கு (ppm, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கார்ட்டூன் படம் போட்ட பேஸ்டுகள் சிலவற்றில் ஃபுளூரைடே இருக்காது, படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. பிரஷ் மென்மையான நார், சின்னத் தலை. மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. சில பிரஷ்களோடு மூடி வரும். அது சுத்தமாகத் தெரியும், ஆனால் ஈரத்தைப் பூட்டி வைத்துக் கிருமியைத்தான் வளர்க்கும். நிமிர்ந்து நின்று காற்றில் காய்வதே பிரஷுக்கு நல்லது. மூடிக்கு ஆகும் காசில் நான்கு பிரஷ் கூடுதலாக வாங்கு. நாற்பது பேருக்கு நாற்பத்து நான்கு என்பது சரியான எண்ணிக்கை. இடையில் யாராவது புதிதாக வருவார்கள், ஒன்று கழிவறையில் விழும்.

இனி உன் பட்டியலில் இல்லாத இரண்டு.

முதலாவது நாப்கின். கேட்கக் கூச்சமாக இருந்ததா, இல்லை நினைவே வரவில்லையா தெரியாது. நன்கொடை திரட்டுகிற ஆண்கள் பலர் பட்டியலில் இது விட்டுப்போகும். ஸ்ஃபியர் மாதத்துக்குப் பதினைந்து என்கிறது. அதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள். ஐந்து நாள், நாளுக்கு நான்கு முறை மாற்றினால் இருபது வரும். கணக்கைப் பதினைந்தில் நிறுத்தினால், பள்ளிக்கூட நாளில் ஒன்றையே சாயங்காலம் வரை வைத்துக்கொண்டிருக்கும் பெண் இருப்பாள். பத்துப் பெண்கள் என்றால் மூன்று மாதத்துக்கு 600. ‘எத்தனை பேர் வயதுக்கு வந்தவர்கள்’ என்று நீ போய்க் கேட்க வேண்டாம், பெண் காப்பாளரிடம் எண்ணிக்கையை மட்டும் எழுதித் தரச் சொல். பத்து வயது தாண்டிய மற்றப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் முன்கூட்டியே இருக்கட்டும், முதல் முறை வருவது யாரையும் கேட்டுக்கொண்டு வராது. மூடி போட்ட குப்பைத்தொட்டியும் சுற்றிப் போடக் காகிதமும் சேர்த்தே வாங்கு. இல்லையென்றால் இரண்டாம் மாதமே கழிவறைக் குழாய் அடைத்துக்கொள்ளும், பழி அந்தப் பெண்கள் மேல் விழும். துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் நல்ல பொருள்தான். ஆனால் தனியாக அலச ஒரு இடமும், வெயிலில் காயப்போட மறைவும் அங்கே இருக்கிறதா என்று தெரியாமல் வாங்கிக் குவிக்காதே. மறைவு இல்லாத இடத்தில் அது கட்டிலுக்கு அடியில்தான் காயும், அதாவது காயாது.

இரண்டாவது உள்ளாடை. புதிதாக மட்டும். யார் எவ்வளவு துவைத்துக் கொடுத்தாலும் பழையதை வாங்காதே. ‘எட்டு வயது’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்கினால் பாதி சேராது. ஒரு கம்பெனியின் எட்டு வயது இன்னொன்றில் பத்து வயது. தவிர, சின்ன வயதில் சாப்பாடு சரியாகக் கிடைக்காத பிள்ளைகள் வயதுக்குச் சிறுத்திருப்பார்கள். இடுப்பளவுதான் வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டேப் பிடிக்கிற வேலை வேண்டாம். காப்பாளர் சாவகாசமாக அளந்து, 50–55 செ.மீ. இத்தனை பேர், 55–60 இத்தனை பேர் என்று பெயரில்லாமல் கொடுத்தால் போதும். ஆளுக்கு ஆறு. மூன்று வாங்கினால் ஒன்று உடம்பில், ஒன்று வாளியில், ஒன்று கொடியில். இரண்டு நாள் அடைமழை வந்தால் ஈரத்தைத்தான் போட வேண்டும்.

துண்டு வாங்கும்போது கை தானாகத் தடிமனான, பஞ்சு போன்றதைத் தேடும். தேட விடாதே. நாற்பது துண்டு ஒரே அறையில் தொங்கும் இடத்தில் தடித் துண்டு காயாது, மூன்றாம் நாள் நாற்றம் வரும், பிறகு காய்ந்த துண்டு எதுவோ அதில் எல்லாரும் துடைப்பார்கள். கண் வலியும் படையும் பரவுவது அப்படித்தான். மெல்லிய, சீக்கிரம் காய்கிற துண்டு ஆளுக்கு இரண்டு, ஓரத்தில் மாட்ட ஒரு நாடா தைத்து. சுவரில் ஆணிக்கு ஆணி ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் உன் நன்கொடையில் ஆணிகளும் சேரட்டும். சிரிக்காதே.

பேன் பற்றியும் சிரங்கு பற்றியும் முன்னாலேயே கேட்டுவிடு. நாப்கினுக்கு இருக்கிற கூச்சம் இதற்கும் உண்டு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சிரங்குப் பூச்சி முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம்; அதற்குள் பக்கத்துப் படுக்கைக்குப் போயிருக்கும். அதனால் சொறிகிறவர், சொறியாதவர் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும் என்பார் மருத்துவர். நீ புதுத் துண்டும் உடுப்பும் கொடுக்கும் நாளை அந்த மருந்து நாளோடு சேர்த்து வை. ஒரு வாரம் முந்திக் கொடுத்தால் புதியதும் பூச்சி பிடித்ததாகிவிடும். பேனுக்கும் ஒரு தடவை மருந்து போதாது, ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் என்பதால் இரண்டாம் தடவை உண்டு. மருந்தை நீ வாங்கிப் பையில் போடாதே, அளவு வயதையும் எடையையும் பொறுத்தது, மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும். உன் வேலை ஆளுக்கொரு சீப்பு. அறைக்கு ஒன்று போதாது. சுருள் முடிக்கு அகலப் பல், மற்றவர்களுக்குச் சாதாரணம், இல்லத்துக்குப் பேன் சீப்பு நான்கைந்து. நகவெட்டியையும் எழுதிக்கொள், அது எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போகும்.

வேண்டாதவை: பாதி தீர்ந்த ஷாம்பு, ஹோட்டலில் எடுத்த குட்டிச் சோப்பு, காலாவதியானது, டால்கம் பவுடர் (கைக்குழந்தை மூச்சில் போகும்), ஆறு வயதுக்குள் வாய் கொப்பளிக்கும் திரவம், ஆல்கஹால் சேர்ந்த கை சுத்திகரிப்பான் (சின்னவர்கள் குடித்துவிடுவார்கள்). ‘கிருமிநாசினி சோப்பு’ என்று கூடுதல் விலை கொடுக்காதே. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருட்களை வீட்டுச் சோப்புகளில் தடை செய்தது, சாதா சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை அதிகம் செய்கின்றன என்பதற்குத் தயாரிப்பாளர்கள் ஆதாரம் காட்டவில்லை என்பதால்.

கேட்கும் விதத்துக்கு வருவோம். ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று போட்டால் சோப்பு மலை சேரும், உள்ளாடை ஒன்றுகூட வராது. பொருளை உடைத்துக் கேள்: ‘100 கிராம் குளியல் சோப்பு, 25 கட்டி, பன்னிரண்டு பேர் தேவை.’ பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்ததும் அந்த வரியை மூடிவிடு. சொன்னவர்களில் சிலர் கொண்டுவர மாட்டார்கள், அதில் மனவருத்தம் வேண்டாம். கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் கடைசித் தேதி வைத்து, வந்த பணத்தில் ஒரு பங்கை ஓட்டை அடைக்க ஒதுக்கிவை. நாப்கினும் உள்ளாடையும் பொருளாக வரும் என்று காத்திருக்காதே. முதலில் கைக்கு வரும் பணம் அவற்றுக்குத்தான். பணமாகவே வாங்கி மொத்தக் கடையில் எடுப்பது இன்னொரு விதத்திலும் நல்லது: ஒருத்தனுக்கு விலை கூடிய பேஸ்ட், இன்னொருத்தனுக்கு மட்டமானது என்ற சண்டை வராது. தரம் ஒன்றாக இருக்கட்டும், நிறம் ஐந்தாறு இருக்கட்டும், நிறத்தைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும்.

அடையாளம் போடுவது சின்ன வேலை போலத் தெரியும். பிரஷில் மார்க்கர் பேனாவால் எழுதினால் தினமும் ஈரம் பட்டு அழிந்துபோகும். எழுதி, மேலே கண்ணாடி டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்று. பிடிக்கும் இடத்தில் சுற்றாதே, அடிமுனையில் சுற்று. துணிக்கு வண்ண நூல் தையல் போதும். பிள்ளைக்கு எண் கொடுக்காதே. பறவை, நட்சத்திரம், ஏதோ ஒன்றை அவர்களே பிடித்து வைத்துக்கொள்ளட்டும், பிரஷ், துண்டு, பெட்டி எல்லாவற்றிலும் அதுவே வரட்டும்.

பை கட்டும் நாளில் விடுபடுவதுதான் பெரிய தலைவலி. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் சோப்புக்குச் சோப்பு எடை மாறும், இலேசான பிரஷ் அதில் ஒளிந்துகொள்ளும். இப்படிச் செய்: மேசையில் பத்துப் பைக்கான பொருளை மட்டும் எண்ணி வை, பத்து சோப்புப் பெட்டி, பத்து சீப்பு, இருபது துண்டு. பத்துப் பை கட்டி முடித்ததும் மேசையில் ஏதாவது மிஞ்சினால் இந்தப் பத்துக்குள் எதிலோ அது இல்லை. நாற்பதையும் பிரிக்க வேண்டியதில்லை, பத்தைப் பிரித்தால் போதும். ஷாம்புவுக்கு மூடியைத் திறந்து வாய்மேல் சின்ன பிளாஸ்டிக் துண்டு வைத்து மூடு. சோப்பையும் நாப்கினையும் ஒன்றாகத் திணிக்காதே, வாசனை ஏறிவிடும், சிலருக்கு அரிக்கும். பாக்கெட்டின் மேலட்டையைக் கிழித்துப் போட்டால் காலாவதித் தேதியும் அதோடு போய்விடும்.

முதல் மாதத்துச் சாமான் மட்டும் பையில் போகட்டும். மீதி இரண்டு மாதத்துக்கானது தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில், முதலில் வந்தது முதலில் போகும்படி. அங்கே ஒரு சிக்கல் வரும்: காப்பாளர் ‘தீர்ந்துபோகுமே’ என்று பூட்டி வைப்பார். பயம் நியாயமானது, இதற்கு முன் வந்தவர்கள் திரும்ப வராததால் வந்த பயம். அடுத்த தவணை எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்தால் பூட்டு திறக்கும். ‘பழைய பிரஷைக் கொடுத்தால்தான் புதியது’ என்ற சட்டத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. தொலைத்தவன் பயந்து சொல்லாமல், அடுத்தவனுடையதை எடுத்துத் தேய்ப்பான், ஈறில் ரத்தம் கசியும் வாயிலிருந்து ஹெபடைடிஸ் பி கூடப் பரவலாம்.

பையில் ‘அநாதை’ என்ற சொல்லோ, கொடுத்தவர் பெயரோ வேண்டாம். யூனிசெஃப் கணக்கில் தாய் தந்தையில் ஒருவரை இழந்தாலே அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்தப் பையைத்தான் தோளில் போட்டுக்கொண்டு போவான். இல்லத்தை விட்டுப் போனாலும் பை அவனோடு போக வேண்டும், அதை முதலிலேயே காப்பாளரிடம் பேசி வை. மேடை, வரிசை, படம் எதுவும் வேண்டாம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. நன்கொடையாளர்களுக்கு ரசீதும், அடுக்கி வைத்த மேசையின் படமும் அனுப்பு.

நாள்காட்டியில் எழுபதாம் நாளைக் குறித்து வை. அன்று காப்பாளரைக் கூப்பிட்டு எது மிச்சம், எது முன்பே தீர்ந்தது என்று கேள். இரண்டாம் தவணையின் பட்டியல் அந்தப் பதிலிலிருந்து வரும், இந்தக் கடிதத்திலிருந்து வராது. பேஸ்ட் மிஞ்சியிருந்தால் குறைத்துக்கொள், சந்தோஷப்படாதே. இரவு வேளை தேய்க்காமல் தூங்குகிறார்களா என்று கேள்.

திருத்திய பட்டியலை அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம். நாப்கின் வரியைக் காலியாக விட்டு ‘அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்மார்