கழிவுநீர் உந்து நிலையத்து இரவு ஷிப்ட் அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

கழிவுநீரில் கொரோனா வைரஸ் அளவு இந்த வாரமும் இறங்கியிருக்கிறது. பரிசோதனை மையங்களின் கணக்கும் அதையே சொல்கிறது. நடந்தவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மூச்சு விட நேரம் கிடைத்ததும் முதல் வேலையாக இந்த நன்றியை எழுதுகிறோம்.

முதலில் அண்ணே, உங்களுக்கு. மாதிரி எடுக்கும் கருவி மணிக்கு ஒருமுறை இழுத்துச் சேர்த்த 24 மணி நேரக் கழிவுநீரை நன்றாகக் கலக்கி, ஒரு லிட்டர் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னோம். படிவத்தில் தேதி, நேரம், கையெழுத்து என மூன்றே கட்டம். நீங்களோ யாரும் கேட்காமலேயே அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினீர்கள்: கரண்ட் போய் பம்ப் எப்போது நின்றது, மழை எப்போது பிடித்தது, உறிஞ்சு குழாயில் துணி சிக்கியதா, கழிவுநீர் லாரிகள் எத்தனை மணிக்கு வந்து கொட்டின.

அந்த நான்கு வரி இல்லாமல் எங்கள் எண்களுக்குப் பொருளே இல்லை. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 2 கோடி லிட்டர் ஓடி, லிட்டருக்கு 50,000 வைரஸ் பிரதிகள் இருந்தால் மொத்தம் ஒரு லட்சம் கோடி. மழைநீர் புகுந்து ஓட்டம் 4 கோடி லிட்டரானால் லிட்டருக்கு 25,000தான் தெரியும். நோய் பாதியாகிவிட்டதாக அறிவித்திருப்போம். பம்ப் நின்றால் இதற்கு நேர்மாறு. நிலையத்தில் கழிவுநீர் சேரும் கிணற்றில் கசடு படியும், வைரஸ் கசடோடு ஒட்டும் குணமுள்ளது. பம்பை மறுபடி ஓட்டியதும் அத்தனையும் கலங்கி மொத்தமாக வரும், அளவு திடீரென்று எகிறும். துணி சிக்கினால் கருவி காற்றைத்தான் இழுக்கும். புட்டியில் நீர் குறைவதைப் பார்த்து அதை நாங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் விடுபட்டது எந்த நேரம் என்று புட்டி சொல்லாது. ஊரே கழிப்பறைக்குப் போகும் காலை நேரம் விடுபட்டிருந்தால் அந்த மாதிரியே வீண்.

லாரி விஷயம்தான் எங்களை உலுக்கியது. மலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க, மிளகாய்ச் செடிகளைத் தாக்கும் ஒரு வைரஸையும் சேர்த்து அளப்போம். உணவு வழியாக உள்ளே போய் மலத்தில் வெளியேறும், எளிதில் அழியாது. கொரோனா அளவை அதால் வகுத்தால் மழை போன்ற குழப்பங்கள் பெரும்பாலும் சரியாகிவிடும். லாரி கொண்டுவருவதோ வேறு பகுதிகளின் செப்டிக் தொட்டிகளில் பல மாதம் கிடந்த கழிவு. அதில் கொரோனாவின் ஆர்என்ஏ, அதாவது நாங்கள் அளக்கும் அதன் மரபுப் பொருள், சிதைந்திருக்கும், மிளகாய் வைரஸ் அப்படியே இருக்கும். விகிதம் சரிந்து, நோய் குறைவதுபோலப் பொய்த் தோற்றம் தரும். போதாக்குறைக்கு, அந்தக் கழிவில் உள்ள மட்குப் பொருள்கள், ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையையே தடுக்கும். தடை இருக்கிறதா என்று பார்க்க, பிரித்தெடுத்த ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுவோம். சிடி அளவு (வைரஸ் தெரிய எத்தனை பெருக்கல் சுற்று ஆனது என்ற எண்) சுமார் 3.3 கூடினால் தடை இல்லை, அதைவிடக் குறைவாகக் கூடினால் உண்டு. பழைய கழிவு கலந்ததை இந்தச் சோதனை காட்டித் தராது. காட்டியது நீங்கள் எழுதிய நேரம்தான். அதன் பிறகே லாரி கொட்டும் இடத்துக்கு முன்பாகவே, நிலையத்தின் சொந்தப் பகுதிக் குழாய் வந்து விழும் வாயிலுக்குக் கருவியை மாற்றினோம்.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்வதை மன்னிக்க வேண்டும். பரிசோதனைத் தேதியோடு நிறுத்தாமல் அறிகுறி தொடங்கிய தேதியையும் கேட்டு எழுதிய செவிலியர்களே, தேங்கிய முடிவுகளை வந்த நாளின் கணக்கில் கொட்டாமல் மாதிரி எடுத்த நாளுக்கே பிரித்துப் பதிந்த தரவுப் பதிவாளர்களே, பெட்டியை 4 டிகிரியில் காத்த ஓட்டுநர்களே, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை ஓட்டிய ஆய்வகத் தோழர்களே, நன்றி. பரிசோதனைக்கே வராதவர்களும் கழிவுநீர்க் கணக்கில் வந்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் யாருக்கு உதவி தேவை என்பதை அது சொல்லாது. அதைச் சொன்னது நீங்கள்.

இனி படிவத்தின் முன்பக்கத்திலேயே ஓட்டம், மழை, பம்ப் நின்ற நேரம், லாரி, அடைப்பு என்று ஐந்து கட்டம் இருக்கும். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விடுகிறோம், எங்களுக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றும். ஒவ்வொரு வார முடிவும் அதிகாரிகளுக்குப் போகும் அன்றே பம்ப் அறைச் சுவருக்கும் வரும். அலை ஓய்ந்தாலும் மாதிரி எடுப்பதை நிறுத்த மாட்டோம். அமைதியான வாரங்களின் அளவு கையில் இல்லாவிட்டால் அடுத்த ஏற்றத்தை ஏற்றம் என்று அடையாளம் காண வழியில்லை.

புதுப் புட்டிகள் அடுத்த வாரம் வருகின்றன. பழைய மூடிகள் கசிவதாக நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தோம், அண்ணே.